பேகம்பேட்டையும் மீனம்பாக்கமும்

பிறந்த ஊரை விட்டு வெளி மாநிலங்களில் வாழும் நமக்குத் தூரம் என்பது வெறும் கணக்கன்று. தாய்க்கு உடல்நலமில்லை என்று செய்தி வந்தால், எத்தனை மணி நேரத்தில் போய்ச் சேரலாம் என்பதே நம் முதற் கேள்வி. ஹைதராபாத், செகந்திராபாத் ஆகிய இரட்டை நகரங்களின் தமிழர் தலைமுறை தலைமுறையாகக் கேட்டுவரும் இக்கேள்வியின் வரலாற்றைச் சிறிது நோக்குவோம்.

ஹைதராபாத்துக்கும் சென்னைக்கும் நேர்கோட்டில் அளந்தால் ஏறத்தாழ 520 கிலோமீட்டர். ஆனால் இடையே கிருஷ்ணா நதியும் நல்லமலைக் காடுகளும் கிடக்கின்றன. ஆகவே ரயில் பாதை கிழக்கே விஜயவாடாவையோ குண்டூரையோ தொட்டு, கூடூர் வழியாக வளைந்து, 700 கிலோமீட்டருக்கு மேல் செல்கிறது. பயணத்தில் ஓர் இரவு கழிந்துவிடுகிறது.

விமானம் வந்தவுடனே இக்குறை தீர்ந்துவிடவில்லை. 1932 அக்டோபர் 15-ஆம் நாள் ஜே. ஆர். டி. டாட்டா கராச்சியிலிருந்து பம்பாய்க்குத் தபால் விமானம் ஓட்டி வந்தார். அங்கிருந்து அத்தபாலை நெவில் வின்சென்ட் சென்னைக்குக் கொண்டு சென்றார். வழியில் அவர் இறங்கியது, ஹைதராபாத்துக்குத் தென்மேற்கே சுமார் 300 கிலோமீட்டர் தொலைவிலுள்ள பெல்லாரியில். தபாலுக்குக் கிடைத்த வேகம் இந்நகருக்கு அன்று கிட்டவில்லை.

1945-இல் நிஜாம் அரசின் ரயில்வேயும் டாட்டா நிறுவனமும் கூட்டாக டெக்கான் ஏர்வேஸைத் தொடங்கின. பேகம்பேட்டையிலிருந்து எழுந்த அதன் டக்கோட்டா விமானங்கள் மணிக்கு ஏறத்தாழ 270 கிலோமீட்டர் வேகத்தில் பறக்க வல்லவை. ஓர் இரவு இரண்டு மணி நேரமாகச் சுருங்கியது. 1953 ஆகஸ்டில் அந்நிறுவனம் இந்தியன் ஏர்லைன்ஸில் இணைந்தது.

பின்னர் ஜெட் விமானங்கள் வந்தன. அவற்றின் வேகம் டக்கோட்டாவைப் போல் ஏறக்குறைய மூன்று மடங்கு. ஆயினும் ஏறவும் இறங்கவும் ஆகும் நேரத்தைக் கூட்டினால், வானில் இன்னும் ஒரு மணி நேரம் ஆகிறது. அதாவது, ஜெட் நமக்கு மிச்சப்படுத்தியது ஒரு மணி நேரமே.

அந்த ஒரு மணியையும் தரை திரும்பப் பெற்றுக்கொண்டது. பேகம்பேட்டை இரட்டை நகரங்களுக்கு இடையிலேயே இருந்தது. 2008 மார்ச்சில் பயணிகள் போக்குவரத்து தெற்கே ஷம்ஷாபாத்துக்கு மாறியது. வான்வழியில் சென்னை சற்று அருகே வந்தது. செகந்திராபாத்தில் வசிப்பவருக்கோ சாலைவழி முப்பது கிலோமீட்டருக்கு மேல் நீண்டது. பாதுகாப்புச் சோதனைக்கும் முன்கூட்டியே செல்ல வேண்டும். ஆகவே வீட்டு வாசலிலிருந்து வீட்டு வாசலுக்கு ஐந்து மணி நேரமேனும் வைத்துக்கொள்வதே விவேகம்.

அப்படியானால் நாம் அடைந்த பயன் யாது? டக்கோட்டா நாளில் விமானச் சீட்டு செல்வருக்கும் உயர் அதிகாரிகளுக்குமே எட்டியது. எளிய குடும்பங்களுக்குத் தந்தி கிடைத்த பின்னும் ரயிலே கதி. பலர் காரியம் முடிந்த வீட்டுக்கே சென்று சேர்ந்தனர். 1994-இல் விமானக் கூட்டுத்தாபனச் சட்டம் நீக்கப்பட்டுப் போட்டி பெருகிய பிறகு, நடுத்தரக் குடும்பத்தாரும் அவசரத்துக்கு விமானம் ஏறத் தொடங்கினர். தாயின் முகத்தைக் காண உரிய வேளையில் சென்று சேர இன்று மிகப் பலருக்கு இயல்கிறது. இவ்வரலாற்றில் வேகத்தைக் காட்டிலும் நாம் பெரிதாக மதிக்க வேண்டிய மாறுதல் இதுவே.