ஏடு தந்தவர் பெயர்



அண்மையில் ஆறாம் ஆண்டு மாணவர்க்கு நம் வட்டாரத்தைப் பற்றிய இடுபணி ஒன்றை அளித்தேன். பெரும்பாலோர் கம்போங் குவாந்தான் மின்மினிகளின் படங்களை ஒட்டி வந்தனர். “இப்படத்தை எடுத்தவர் யார்?” என வினவினேன். “இணையத்திலிருந்து எடுத்தோம், ஐயா” என்றே அனைவரும் விடையிறுத்தனர். கடிந்துகொள்ள எனக்கு மனம் வரவில்லை. அதே பிழையை முன்னர் நானே செய்தவன்.

சில ஆண்டுகளுக்கு முன், தோட்டப் பள்ளியொன்றின் வரலாற்றைச் சிறு மலராகத் தொகுத்தேன். ஓய்வுபெற்ற பால்மரத் தொழிலாளி ஒருவர் மூன்று மாலைப் பொழுதுகள் அமர்ந்து கதை கதையாகச் சொன்னார். பழைய பள்ளிக் கொட்டகை எங்கிருந்தது, எந்த ஆண்டில் இடம் மாறியது என்பனவெல்லாம் அவர் தந்த செய்திகளே. மலரிலோ, ‘மூத்தோர் கூற்றுப்படி’ என்று இரண்டே சொற்களில் முடித்துவிட்டேன். பின்னர் அன்பர் ஒருவர், “இந்த ஆண்டு சரிதானா? சொன்னவர் யார்?” என்று கேட்டபோது, பெரியவர் மறைந்திருந்தார். அவருடைய பேரன் மலரைப் புரட்டிப் பார்த்து, “தாத்தா பேர் இல்லையே, ஐயா” என்றான். நன்றி கொன்றதோடு சான்றையும் இழந்தேன் என்பது அப்பொழுதுதான் எனக்கு உறைத்தது.

நம் முன்னோர் இதனை நன்கு அறிந்திருந்தனர். 1880ஆம் ஆண்டு கும்பகோணத்தில் சேலம் இராமசுவாமி முதலியார், உ.வே. சாமிநாதையரிடம் சீவக சிந்தாமணியைப் படித்ததுண்டா என வினவியதும், தம்மிடமிருந்த கையெழுத்துப் படியைக் கொடுத்ததும் தமிழுலகம் அறிந்தவை. ஐயர் 1887இல் அந்நூலைப் பதிப்பித்தார். தொடர்ந்து 1889இல் பத்துப்பாட்டும், 1892இல் சிலப்பதிகாரமும், 1894இல் புறநானூறும் வெளிவந்தன. அவருடைய பதிப்புகளின் முகவுரைகளைப் படிப்போர், எந்த ஊரில் யாரிடமிருந்து ஏடு கிடைத்தது, ஆய்வில் உடனிருந்து உதவியவர் எவர், பொருளுதவி செய்தவர் எவர் என்னும் விவரங்களைக் காணலாம். பிரதிக்குப் பிரதி மாறுபடும் பாடங்களையும் அவர் அடிக்குறிப்பில் காட்டினார்.

இதனை வெறும் பணிவு என்று கொள்ளலாகாது. ஏட்டுக்கு உரியவர் பெயரும் ஊரும் தெரிந்தால், ஐயுறுவோர் அதனைத் தேடிச் சென்று ஒப்புநோக்கலாம். முன்னவர் படித்தது பிழையெனின் திருத்தலாம். ஆகவே, பெயர் சொல்லுதல் நன்றியுமாகும், சான்றுமாகும்.

ஓலையிலிருந்து அச்சுக்கு வந்த தமிழ், ஒரு நூற்றாண்டின் பின் அச்சிலிருந்து கணினிக்கு வந்தது. 1998ஆம் ஆண்டு பொங்கல் நாளில் மதுரைத் திட்டம் தொடங்கியது. சுவிட்சர்லாந்தில் வாழ்ந்த முனைவர் கு. கல்யாணசுந்தரமும் அமெரிக்காவில் வாழ்ந்த முனைவர் குமார் மல்லிகார்சுனனும் அதனை முன்னின்று நடத்தினர். பல நாடுகளில் வாழும் தமிழர்கள் ஊதியமின்றி நூல்களைத் தட்டச்சுச் செய்தனர், பிழை திருத்தினர். அதற்கு வேண்டிய தமிழ் மென்பொருள் வளர்ச்சியில் நம் நாட்டு முத்து நெடுமாறனின் முரசு அஞ்சலுக்குச் சிறப்பான இடமுண்டு.

மதுரைத் திட்டத்தின் மின்னூலைத் திறந்தால், உள்ளீடு செய்தவர், மெய்ப்புப் பார்த்தவர், மூலப்படி தந்தவர் ஆகியோர்க்கான நன்றியுரை முகப்பிலேயே நிற்கும். நூலை எவரும் விலையின்றிப் பரப்பலாம். ஆயின் அம்முகப்புப் பக்கத்தை நீக்கலாகாது என்பது ஒன்றே நிபந்தனை. படைப்பாக்கப் பொதும உரிமங்கள் 2002இன் இறுதியில் வெளிவருமுன்னரே, ‘எடுத்துக்கொள், பெயரைக் காப்பாற்று’ என்னும் நெறியை நம்மவர் நடைமுறைப்படுத்திவிட்டனர். எனினும், அம்மின்னூல்களை வெட்டி ஒட்டுவோருள் சிலர் முதலில் நீக்குவது அந்தப் பக்கத்தைத்தான்! தட்டச்சுச் செய்தவர் பெற்ற ஒரே கூலி அதுவே என்பதை அவர்கள் எண்ணுவதில்லை.

இன்று பல்கலைக்கழகங்கள் ஆய்வுத் தரவு மேலாண்மை என்பதைத் தனிப் பாடமாகவே பயிற்றுகின்றன. தரவைத் திரட்டியவர், ஒழுங்குபடுத்தியவர், மென்பொருள் எழுதியவர், நிதி பெற்றுத் தந்தவர் என ஒவ்வொருவர் பங்கையும் தனித்தனியே குறிக்க வேண்டும் என்கின்றனர். ‘கிரெடிட்’ என்னும் முறை இப்பங்குகளைப் 14 வகைகளாகப் பகுக்கிறது. 2022இல் அது அமெரிக்கத் தேசியத் தரமாக ஏற்கப்பட்டது. ஐயருடைய முகவுரைகளைப் படித்தவர்க்கு இது புதுமையாகத் தோன்றாது.

இனி நம் வட்டாரத்திற்கு வருவோம். கோலசிலாங்கூர் மாவட்டத்துத் தென்னமரம் தோட்டத்தில், 1917ஆம் ஆண்டு பிரெஞ்சுக்காரரான ஹென்றி ஃபோக்கோனியே செம்பனையை வணிக நோக்கில் பயிரிட்டார். இந்நாட்டின் செம்பனைத் தொழில் அங்கிருந்தே தொடங்குகிறது. அவர் பெயரை நூல்கள் சொல்லும், சொல்லவும் வேண்டும். ஆனால் காடு வெட்டியவர், கன்று நட்டவர், குலை சுமந்தவர் ஆகியோரை ‘தொழிலாளர்கள்’ என்னும் ஒரே சொல் விழுங்கிவிட்டது. அத்தோட்டத்தின் பெயரிலே மட்டும் தமிழ் நிற்கிறது. தோட்டங்கள் துண்டாடப்பட்டு, லயங்கள் இடிந்து, மக்கள் நகரங்களுக்குப் பெயர்ந்தபின், எஞ்சியிருப்பது மூத்தோர் நினைவு ஒன்றே. அந்நினைவையும் பெயரில்லாமல் எழுதிவைத்தோமாயின், அவர்களை இரண்டாம் முறையும் மறைத்தவர்களாவோம்.

ஆகவே, மாணவர் இடுபணியின் கடைசிப் பக்கத்தை இப்பொழுது இதற்கென ஒதுக்கச் சொல்கிறேன். செய்தி சொன்னவர் பெயர், சொன்ன இடம், நாள். படமாயின் எடுத்தவர் பெயர், பெற்ற இடம். இவ்வளவே போதும். பெயர் வேண்டாமென்று ஒருவர் சொன்னால், அவர் விருப்பத்தையும் மதித்தல் வேண்டும்.

என் பழைய மலரிலும் பெரியவரின் பெயரை, அவர் குடும்பத்தாரின் இசைவு பெற்று, முதற்பக்கத்தில் சேர்த்துவிட்டேன். அவர் சொன்ன ஆண்டு சரியா என்பதை அவரிடம் கேட்க இனி வழியில்லை. உங்கள் வீட்டிலும் ஊரிலும் மூத்தோர் இருப்பின், அவர்கள் சொல்வதைக் கேட்டு எழுதுங்கள். எழுதும்போது அவர்கள் பெயரை முதலில் எழுதுங்கள்.