மருத்துவரும் மனச்சமநிலையும்: காலென் மடலும் ஆஸ்லர் உரையும்

தீராப் பிணியாளரின் படுக்கையருகே நிற்கும் மருத்துவர்க்குச் சுமை இரண்டு உண்டு. ஒன்று, நோயை எதிர்த்து நிற்றல். மற்றொன்று, தம் உள்ளத்தைத் தளராது காத்தல். முன்னதற்கு மருத்துவ நூல்கள் துணை செய்யும். பின்னதற்கு மேலைநாட்டு மருத்துவர் சிலர் கிரேக்க, உரோமப் பழைய மெய்யியலை நாடினர். அம்மெய்யியல் அவர்தம் நெஞ்சைக் கல்லாக்கியதா, அன்றி நெஞ்சின் ஈரம் உலராமலே கையின் நடுக்கத்தை மட்டும் நீக்கியதா? இவ்வினாவை இருவர் வாழ்வைச் சான்றாகக் கொண்டு ஈண்டு ஆராய்வாம். ஒருவர் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் புகழ்பெற்ற வில்லியம் ஆஸ்லர், மற்றவர் கி.பி. இரண்டாம் நூற்றாண்டினரான காலென்.

1889ஆம் ஆண்டு மே முதல் நாள், அமெரிக்க நாட்டுப் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்து மருத்துவ மாணவர்க்கு ஆஸ்லர் விடைபெறும் உரை ஒன்று ஆற்றினார். கனடாவிற் பிறந்த அவர்க்கு அப்போது நாற்பது ஆண்டுகள் நிரம்பவில்லை. உரைக்கு அவர் இட்ட பெயர் 'ஈக்குவானிமிட்டாஸ்' என்னும் இலத்தீன் சொல். அதனை 'மனச்சமநிலை' எனத் தமிழில் வழங்கலாம். அச்சொல்லுக்கு ஒரு வரலாறு உண்டு. கி.பி. 161இல் உரோமப் பேரரசர் அன்டோனினஸ் பயஸ் இறக்குந் தறுவாயில் இருந்தபோது, காவற்படைத் தலைவன் அன்றைய அடையாளச் சொல் யாதென வினவினான் என்றும், பேரரசர் விடுத்த சொல் இதுவே என்றும் பழைய வரலாற்று நூல் கூறும்.

ஆஸ்லர் தம் உரையில் இரு பண்புகளைப் பிரித்துக் காட்டினார். ஒன்று, எவ்விடரிலும் முகமும் கையும் மாறாத உறுதி. அது பெரிதும் உடலைச் சார்ந்தது. பயிற்சியாலும் பட்டறிவாலும் வளர்வது. மற்றொன்று, அதற்கு இணையாக உள்ளத்தில் அமையவேண்டிய சமநிலை. உறுதிக்காக ஓரளவு உணர்வு மழுங்குதலும் மருத்துவர்க்கு நன்மையே என்று அவர் கூறியதுண்டு. இதனைக் கொண்டு அவர் ஈரமின்மையைக் கற்பித்தார் என்பாரும் உளர். ஆயின் அதே இடத்தில், மனித நெஞ்சு வன்மையுறாதபடி அவ்வளவு அமைய வேண்டும் என்று அவர் வரம்பு கட்டியதையும் நோக்குதல் வேண்டும். வரம்பை விடுத்து விதியை மட்டும் எடுத்தல் முறையன்று. எனினும், அவ்வரம்பு நடைமுறையில் நிற்குமா என்பது உரையால் மட்டும் விளங்குவதில்லை. உரை, தொழிலில் இறங்குவார்க்கு முன்கூட்டிச் சொல்லும் நெறி. சோதனை பின்னரே வரும். ஆதலின், சோதனைக்குப்பின் எழுதப்பட்ட சான்று ஒன்று நமக்கு வேண்டும். அதனை நல்குபவர் காலென்.

சிறிய ஆசியாவின் பெர்கமம் நகரில் கி.பி. 129இல் பிறந்த காலென், அன்டோனினஸின் வழித்தோன்றலாக அரியணையேறிய மார்க்கஸ் அரேலியஸின் மருத்துவர். மார்க்கஸ் ஸ்டோயிக் நெறி நின்று தம் சிந்தனைகளைக் கிரேக்க மொழியில் எழுதிய பேரரசர். பின்னாளில் ஆஸ்லர் மாணவர்க்குப் பரிந்துரைத்த படுக்கையறை நூல்களுள் அச்சிந்தனைகளும் எபிக்டீட்டஸின் நூலும் இடம் பெற்றன. காலெனோ ஸ்டோயிக்கர் அல்லர்; அந்நெறியின் ஆசிரியர் கிரிசிப்பஸை மறுத்து எழுதியவர். சிறந்த மருத்துவர் மெய்யியலாரும் ஆவார் என்பதனை நிறுவத் தனி நூலே யாத்தவர். அவர் காலத்தில் உரோமப் பேரரசைக் கொள்ளைநோய் வாட்டிற்று. உரோமாபுரியில் அவரிடமிருந்த அடிமைகளுள் பெரும்பாலோரை அது கொண்டுபோயிற்று.

கி.பி. 192இல் உரோமாபுரியிற் பெருந்தீ மூண்டது. காலென் அப்போது கம்பானியாப் பகுதியில் இருந்தார். அவர்தம் நூல்களும், அரிய மருந்துகளும், தாமே வகுத்தமைத்த கருவிகளும் பண்டகசாலையில் எரிந்தொழிந்தன. நூல்களின் படிகளை வேற்றிடத்திற்கு அனுப்புதற்குச் சில திங்களே எஞ்சியிருந்தன. இவ்வளவு இழந்தும் துயருறாதிருப்பது எங்ஙனம் என நண்பர் ஒருவர் வினவ, அதற்கு விடையாக எழுந்ததே 'துயருறாமை' என்னும் பொருளுடைய தலைப்புக் கொண்ட மடல். நெடுங்காலம் பெயரளவில் மட்டும் அறியப்பட்டிருந்த அதன் கிரேக்க மூலம், 2005இல் தெசலோனிக்கி நகரத்து மடம் ஒன்றன் சுவடியில் கண்டெடுக்கப்பட்டது.

மடலிற் கருதற்பாலன மூன்று. முதலாவது, துயரைக் காலென் மருத்துவர் கண்கொண்டு நோக்குகிறார். அதே தீயில் நூல்களை இழந்த இலக்கணப் புலவர் ஒருவர் ஏக்கத்தால் மெலிந்து மாண்டதை அவர் குறிப்பிடுகிறார். ஆகவே துயரடக்கம் அவர்க்கு வெறும் அறவுரையன்று, உயிர்காக்கும் நெறி. இரண்டாவது, பயிற்சி. வரக்கூடிய கேடுகளை நாள்தோறும் உள்ளத்தில் முன்னிறுத்திப் பார்க்கும் வழக்கத்தை, யூரிப்பிடீஸின் நாடக அடிகளைத் துணையாகக் கொண்டு, அவர் மேற்கொண்டார். மூன்றாவது, எல்லை. இதுவே மிகவும் இன்றியமையாதது. கொடிய வதையிலும் அறிஞன் இன்புற்றிருப்பான் என்பாரோடு அவர் உடன்படவில்லை. பொருளிழப்பைத் தாங்குவேன், ஆயின் எத்துன்பமும் வருக என்று வேண்டேன், தாங்கவியலாத் துன்பம் வாராதிருக்கவே வேண்டுவேன் என்பது அவர் கருத்தின் சுருக்கம்.

இவ்வெல்லை ஆஸ்லர் வாழ்விலும் வெளிப்பட்டது. 1905 முதல் ஆக்ஸ்போர்டில் பேராசிரியராக விளங்கிய அவர்க்கு ரெவர் என்னும் மகன் இருந்தான். பிரித்தானியப் பீரங்கிப்படையில் அலுவலனாயிருந்த அவன், 1917 ஆகஸ்டு இறுதியில், பெல்ஜியத்து ஈப்பர் நகர்ப்புறப் போரிற் புண்பட்டான். தந்தையின் நண்பரான அறுவை மருத்துவர் ஹார்வி குஷிங் உடனிருந்தும் அவன் பிழைத்திலன்; அகவை இருபத்தொன்று. அவ்விழப்பு ஆஸ்லரை உள்ளொடியச் செய்தது. எனினும் அவர் தம் பணிகளைக் கைவிட்டிலர். தம் நூலகத்திற்கு விளக்கப்பட்டியல் அமைக்கும் வேலையையும் தொடர்ந்தார். 1919 திசம்பரில் மறைந்தார். சமநிலையைப் போதித்தவர் துயருற்றார் என்பதால் போதனை பொய்த்தது என்றல் பொருந்தாது. மகனை இழந்து துயருறாதிருந்திருப்பின், அவரே விலக்கிய வன்னெஞ்சமன்றோ அவர்பால் காணப்பட்டிருக்கும்?

ஆகவே, மனச்சமநிலை என்பது துன்பம் தோன்றாமை அன்று. தோன்றிய துன்பம் தொழிலைக் குலைக்காமை என்று கொள்ளலே ஆஸ்லர் உரைக்கும் காலென் மடலுக்கும் ஏற்புடைத்து. காலென் தம் எல்லையை எழுத்தில் ஒப்புக்கொண்டார். ஆஸ்லரின் எல்லையை அவர் வாழ்வு காட்டியது. அரிய நோயாளரை நாளும் எதிர்கொள்ளும் மருத்துவர்க்கு இவ்விருவரும் விட்டுச் சென்ற துணை, அசையாத நெஞ்சினரைப் பற்றிய கதையன்று. அசைந்தும் கடமையில் நின்றோரின் சான்றே அது.