மாறாத பாதம்

என்னிடம் தமிழ் படிக்கும் தரம் பத்து மாணவன் ஒருவன் ஒருநாள் இடைவேளையில் எண்பது பக்கக் கொப்பி ஒன்றை என் மேசையில் வைத்துவிட்டுத் தயங்கி நின்றான். அது அவன் எழுதிக்கொண்டிருந்த நாவல். கடலுக்கு அடியில் ஏழு நகரங்கள், கீழிருந்து மேலே பெய்யும் மழை, அந்த உலகத்தை ஆட்டிப்படைக்கும் கெட்ட தெய்வம் ஒன்று. அந்தத் தெய்வத்துக்குச் சொந்த முகம் கிடையாது. தாயாக வரும், வைத்தியராக வரும், பள்ளிக்கூட ஆசிரியராகவும் வரும்.

"இப்பிடித் தெய்வமொண்டப் படைக்கிறது ஷிர்க்கா சேர்? கொப்பியக் கிழிச்செறியச் சொல்லி வாப்பா சொன்னாரு" என்றான்.

உடனே பதில் சொல்ல எனக்கு இயலவில்லை. "கொப்பி என்னட்ட இருக்கட்டும், வாசிச்சுப் பாக்கிறன்" என்று சமாளித்தேன். மார்க்கத் தீர்ப்புச் சொல்ல நான் ஆலிமல்லன்; ஆசிரியர் கலாசாலையில் பயின்ற ஒரு கிராமத்து வாத்தியார். எனக்குத் தெரிந்த வழி, இத்தகைய தெய்வங்கள் இலக்கியத்தில் எப்படிப் படைக்கப்பட்டன என்று தேடிப் பார்ப்பதுதான். அந்தத் தேடல் என்னை ஹெச்.பி. லவ்கிராஃப்ட் என்ற அமெரிக்கரிடமும், அவர் படைத்த நியார்லத்தோடெப் என்ற உருமாறித் தெய்வத்திடமும் கொண்டுபோய்ச் சேர்த்தது.

முற்றிலும் கற்பனையான ஓர் உலகத்துக்குத் தெய்வங்களைப் புனையும் வழக்கத்தை நவீன ஆங்கில இலக்கியத்தில் நிலைநிறுத்தியவர்களுள் முக்கியமானவர் அயர்லாந்துக்காரரான டன்சனி பிரபு. 1905இல் வெளிவந்த 'பெகானாவின் தெய்வங்கள்' என்ற நூலில் எந்தச் சமயத்துக்கும் சொந்தமில்லாத ஒரு தெய்வக் கூட்டத்தையே அவர் உருவாக்கினார். 1919இல் பொஸ்டனில் டன்சனி ஆற்றிய உரையை நேரில் கேட்டவர்களுள் லவ்கிராஃப்டும் ஒருவர். அப்போது அவருக்கு வயது இருபத்தொன்பது. தந்தை மனநல மருத்துவமனையில் 1898இல் இறந்திருந்தார். தாயும் அதே மருத்துவமனையில் 1919இல் அனுமதிக்கப்பட்டார். உலகப் போர் ஓய்ந்து ஓராண்டுதான். இன்ஃபுளுவென்சா கொள்ளைநோய் தின்றுதீர்த்த வீடுகளில் அழுகுரல் இன்னும் அடங்கியிருக்கவில்லை.

இந்தச் சூழலில் 1920இல் அவர் ஒரு கனவு கண்டார். நியார்லத்தோடெப் உங்கள் ஊருக்கு வந்தால் பார்க்கத் தவறாதீர்கள் என்று நண்பர் ஒருவரிடமிருந்து கடிதம் வருவதாகக் கனவு. முழுதாய் விழிப்பதற்கு முன்னரே முதற் பந்தியை எழுதிவிட்டதாகப் பின்னர் ஒரு கடிதத்தில் அவர் குறிப்பிட்டார். பெயரின் பிற்பாதி எகிப்திய வாடை கொண்டது. அமென்ஹோடெப், இம்ஹோடெப் போன்ற பெயர்களில் வரும் 'ஹோடெப்' என்ற சொல்லுக்குப் பண்டைய எகிப்திய மொழியில் அமைதி, நிறைவு என்று பொருள். கனவு கண்டவரின் மனதில் டன்சனியின் வாசனையும் ஒட்டியிருந்தது எனலாம். பெகானா நூலிலே அல்ஹிரெத்-ஹோடெப் என்றொரு தீர்க்கதரிசி வருகிறான்.

அந்தச் சிறு உரைச்சித்திரத்தில் நியார்லத்தோடெப் எகிப்திலிருந்து வருகிறான். கொம்பு இல்லை, கோரைப்பல் இல்லை. கண்ணாடியும் உலோகமும் கொண்ட கருவிகளோடு ஊர் ஊராகப் போய் மின்சார வித்தை காட்டுகிறான். சனங்கள் காசு கொடுத்துப் பார்க்கிறார்கள். அவன் போன ஊர்களில் தூக்கம் கெட்டுப்போகிறது. தீமை இங்கே பலவந்தமாக நுழையவில்லை. டிக்கட் வாங்கிக்கொண்டு நாமே அதனிடம் போகிறோம்.

லவ்கிராஃப்டின் ஏனைய தெய்வங்கள் மனிதனைப் பொருட்படுத்துவதே இல்லை. அசத்தோத் மூளையற்ற குழப்பம். நாம் எறும்பைப் பார்ப்பதுபோல்தான் அவை நம்மைப் பார்க்கும். நியார்லத்தோடெப் மட்டுமே மனித பாஷை பேசுகிறான், உருவம் மாறுகிறான், பரிகசிக்கிறான். ஆகவே வன்மம் என்ற குணம் அவனுக்கே சிறப்பாகப் பொருந்துகிறது. 1926-27இல் எழுதப்பட்டு ஆசிரியரின் மறைவுக்குப் பின் 1943இல் அச்சேறிய கடாத் பற்றிய குறுநாவலில், கார்ட்டர் என்பவன் கனவில் கண்ட ஓர் அந்திநேர நகரத்தைத் தேடி அலைகிறான். அவன் முன்னே அழகிய இளம் பார்வோனைப்போல் தோன்றும் நியார்லத்தோடெப் ஓர் உண்மையைச் சொல்கிறான்: நீ தேடும் நகரம் உன் பிள்ளைப்பருவ நினைவுகளால் ஆனது. அந்த உண்மையைச் சொல்லி நம்பிக்கையூட்டியபின், வழிகாட்டுவதாய்ச் சொல்லி அசத்தோத்தின் வாய்க்கே அவனை அனுப்புகிறான். பொய்யனின் பெரிய ஆயுதம் உண்மைதான் என்பதை இதைவிட நன்றாக நான் வேறெங்கும் வாசித்ததில்லை. கார்ட்டரைக் காப்பாற்றியதும் அதே உண்மை. தன் சொந்த ஊரை நினைத்தபடி அவன் குதிக்கிறான், விழித்துக்கொள்கிறான்.

என் மூத்தம்மா சொன்ன கதையொன்று இங்கே நினைவுக்கு வந்தது. இருட்டில் எதிரே வருவது யாரென்று சந்தேகம் வந்தால் முகத்தைப் பார்க்காதே, காலைப் பார் என்பார். ஜின் எந்த முகத்தையும் எடுக்குமாம், காலை மட்டும் மாற்ற ஏலாதாம். பத்தாம் நூற்றாண்டு அறபு வரலாற்றாசிரியர் அல் மஸ்ஊதி, பாலைவனத்தில் உருமாறிப் பயணிகளை ஏமாற்றும் 'கூல்' பற்றி அறபிகள் சொன்னவற்றைப் பதிந்திருக்கிறார். அது எந்த வடிவில் வந்தாலும் கால் கழுதையின் காலாகவே இருக்குமாம். உருமாறியைப் படைக்க விரும்புகிறவனுக்கு இதிலே பாடம் உண்டு. எல்லாமே மாறுமென்றால் கதையே இல்லை. மாறாத ஒன்று இருக்க வேண்டும். நியார்லத்தோடெப்பிடம் மாறாதது அவனுடைய பரிகாசம்.

ஆனால் அந்த அமெரிக்கரின் 'கால்' எது என்று கேட்டபோதுதான் எனக்கு வயிற்றைக் கலக்கியது.

லவ்கிராஃப்ட் ஐந்து வயதளவில் ஆயிரத்தொரு இரவுக் கதைகளில் மயங்கி, அப்துல் அல்ஹஸ்ரத் என்று தனக்கே விளையாட்டுப் பெயர் சூட்டிக்கொண்டவர். வளர்ந்தபின் அந்தப் பெயரை ஒரு பைத்தியக்கார அறபுக் கவிஞனுக்குக் கொடுத்து, கெட்ட தெய்வங்களின் இரகசியமெல்லாம் அடங்கிய 'நெக்ரோனோமிக்கோன்' என்ற கற்பனை நூலை அவன் எழுதியதாகப் புனைந்தார். குர்ஆன் மத்ரசாவில் நாலு நாள் ஓதிய பிள்ளைக்கும் இந்தப் பெயரிலுள்ள பிழை தெரியும். அப்துல் என்பதிலேயே 'அல்' அடங்கிவிட்டது. மறுபடி ஓர் 'அல்' எதற்கு? அதற்குப்பின் வரவேண்டியது அல்லாஹ்வின் திருநாமங்களுள் ஒன்று. அதை எடுத்துவிட்டால் யாருடைய அடிமை என்ற கேள்வி அந்தரத்தில் தொங்கும். அந்நூலின் அறபுப் பெயராக அவர் வைத்த 'அல் அஸீஃப்' மட்டும் மெய்யான சொல். பாலைவன இரவில் கேட்கும் ஜின்களின் ஓசையை அது குறிக்கும். வில்லியம் பெக்ஃபோர்டின் 'வதெக்' நாவலுக்கு 1786இல் சாமுவேல் ஹென்லி எழுதிய குறிப்புகளிலிருந்து அதை எடுத்துக்கொண்டார்.

இதுவரை குழந்தைத்தனமான மயக்கம் என்று மன்னித்துவிடலாம். 1924இல் திருமணமாகி நியூயோர்க்கில் குடியேறிய லவ்கிராஃப்ட், அங்கிருந்த குடியேறிகளை வெறுப்போடு பார்த்தார். 1925இல் அவர் எழுதிய 'ரெட் ஹூக்கின் பயங்கரம்' என்ற கதையில் யசீதிகள் சைத்தானை வணங்குபவர்களாக வருகிறார்கள். யசீதிகள் கற்பனையல்லர், ஈராக்கில் வாழும் மெய்யான மக்கள். அந்த அவதூறு லவ்கிராஃப்டுக்கு நூற்றாண்டுகள் முந்தியது. அவர் அதைத் தூக்கிக் கதையில் வைத்துக்கொண்டார், அவ்வளவுதான். அதே அவதூறைச் சொல்லித்தான் 2014 ஓகஸ்ட்டில் ஐ.எஸ். இயக்கம் சின்ஜாரில் யசீதி ஆண்களைக் கொன்றது, பெண்களை அடிமைகளாக விற்றது. 2016இல் ஐ.நா. விசாரணை ஆணைக்குழு அதை இனப்படுகொலை என்றது. அதைச் செய்தவர்கள் நமது மார்க்கத்தின் பெயரை உச்சரித்துக்கொண்டே செய்தார்கள் என்பதை நாம் மறைக்கக்கூடாது.

மறுபக்கத்தில் நின்று அடிபட்ட அனுபவமும் நமக்கு உண்டு. 2018 பெப்ரவரி 26ஆம் திகதி இரவு அம்பாறையில் முஸ்லிம் சாப்பாட்டுக்கடை ஒன்றின் கறியில் கிடந்த கட்டியை மலட்டு மாத்திரை என்றார்கள். கடையும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டன. அது வெறும் மாவுக் கட்டி என்று அரச பகுப்பாய்வு பின்னர் சொன்னது. மாவுக் கட்டி மாத்திரையாக உருமாறிய அந்த இரவில், கோபத்தோடு நின்றவர்களுக்கு நாம்தான் ஆயிரம் முகம் கொண்டவர்கள்.

மாணவனின் கொப்பியை மறுபடி எடுத்தேன். முதல் வாசிப்பில் என் கண் தெய்வத்தின்மீதே இருந்தது. இம்முறை அதை வணங்குபவர்களைப் பார்த்தேன். அவர்களின் பேச்சும் உடுப்பும் சாப்பாடும் எங்கள் ஊரெல்லைக்கு அப்பால் வாழும் அயலவர்களுடையவை. அவன் வேண்டுமென்று செய்யவில்லை. கேட்டுக்கேட்டு வளர்ந்தது கையில் வந்துவிட்டது. ஷிர்க்கைத் தேடிய நான் இதைக் கவனிக்காமல் போனேனே என்று வெட்கமாக இருந்தது.

லவ்கிராஃப்டிடமே இதற்கு ஒரு மாற்றுக் காட்சி இருக்கிறது. மறைவதற்கு மூன்று மாதம் முன், 1936 டிசம்பரில் வெளியான கதையொன்றில் நியார்லத்தோடெப்பின் ஒரு வடிவம் பாழடைந்த தேவாலயத்தில் அடைந்துகிடக்கிறது. அதற்கு வெளிச்சம் ஆகாது. புயலில் நகரத்தின் மின்சாரம் போனபோது, மழையில் மெழுகுவர்த்தியும் லாந்தருமாக அந்தக் கட்டடத்தைச் சுற்றி நின்று காவல் காப்பவர்கள் யார்? அவர் வாழ்நாளெல்லாம் இகழ்ந்த குடியேறிகளான இத்தாலிய ஏழைகள். இறுதியில் காற்று அந்தச் சுடர்களை அணைத்துவிடுகிறது. ஆனாலும் ஊருக்காக நின்றவர்கள் அவர்களே. எழுதியவரின் மனம் மாறியதா என்பது வேறு விடயம். கதை அவரைவிட ஒரு அடி முன்னே போய்விட்டது.

மாணவனைக் கூப்பிட்டேன். கதையில் ஒரு பொய்த் தெய்வத்தை எழுதுகிறவன் அதை வணங்கவில்லை, அதன் பொய்யைத்தான் காட்டுகிறான் என்பது என் அபிப்பிராயம், ஆலிம்களிடமும் கேள் என்றேன். வாப்பாவோடு நான் கதைப்பதாகவும் வாக்களித்தேன். பிறகு அந்தப் பக்கங்களைக் காட்டினேன். கொஞ்சநேரம் பேசாமல் நின்றான்.

"அப்ப அதுக்கு ஆரு சேர் சேவகம் செய்யிற?"

"நம்மட ஊர்ல தேடிப் பாரு" என்றேன்.

இரண்டு கிழமை கழித்துக் கொப்பி திரும்பி வந்தது. கடலடி நகரத்தில் அந்தத் தெய்வத்துக்கு முதல் சேவகனாக ஒருவர் புதிதாய் வந்திருந்தார். வெள்ளைச் சேர்ட், மூக்குக்கண்ணாடி, கையிலே சோக்குக் கட்டி.

நான் கிழிக்கவில்லை. சந்திப் பிழைகளை மட்டும் திருத்திக் கொடுத்தேன்.