கல்லறையும் பதிவேடும்



முன்னோர் வாழ்ந்த ஊரைத் தேடிச் செல்வோர் பெரும்பாலும் தந்தைவழிப் பெயரொன்றையே துணையாகக் கொண்டு செல்வர். அத்தேடல் எதிர்பாராத உறவுகளையும் காட்டக்கூடும் என்பதற்கு மெக்சிக்கோ நாட்டின் இடால்கோ மாநிலத்திலுள்ள றியால் டெல் மொந்தே என்னும் மலையூர் தக்க சான்றாகும்.

சுமார் 2,700 மீற்றர் உயரத்தில் அமைந்த இவ்வூர், ஸ்பானியர் ஆட்சிக்காலத்தில் வெள்ளிச் சுரங்கங்களாற் செழித்தது. அச்செழிப்பை உண்டாக்கியோர் உள்ளூர்த் தொழிலாளரே. வழக்கமாகத் தமக்குக் கிடைத்துவந்த தாதுப் பங்கினைச் சுரங்க அதிபர் பெத்ரோ ரொமேரோ தெ தெரேரோஸ் குறைக்க முற்பட்டபோது, 1766 ஆம் ஆண்டில் அவர்கள் வேலையை நிறுத்திக் கிளர்ந்தெழுந்தனர்.

மெக்சிக்கோ 1821 இல் விடுதலை பெற்றது. போர்க்காலத்திற் பராமரிப்பின்றி நீர் நிரம்பிக் கிடந்த சுரங்கங்களை மீட்பதற்கு 1824 இல் இலண்டனில் ஒரு கம்பனி அமைந்தது. இங்கிலாந்தின் கோண்வாலைச் சேர்ந்த சுரங்கத் தொழிலாளர் நீராவி யந்திரங்களுடன் புறப்பட்டனர். வெராகுரூஸ் கரையிலே மஞ்சட் காய்ச்சல் அவர்களிற் பலரைப் பலிகொண்டது. 1849 இல் சுரங்கங்கள் மெக்சிக்கோ நாட்டவர் கைக்கு மாறின. ஆயினும் கோண்வால் குடும்பங்கள் பல அங்கேயே வேரூன்றிவிட்டன.

இன்று அவர்தம் வழித்தோன்றல்கள் அங்கு சென்றால், முதலில் நாடுவது குன்றின்மேலுள்ள ஆங்கிலேயர் மயானத்தையே. புரட்டஸ்தாந்தரைக் கத்தோலிக்க மயானத்தில் அடக்கஞ்செய்ய இயலாமையால் எழுந்த இடம் அது. கல்லறைகள் இங்கிலாந்தின் திசையை நோக்கி அமைந்துள்ளன என்பர். கடைவீதியிலோ, இறைச்சியும் உருளைக்கிழங்கும் உள்வைத்து மடித்துச் சுட்ட கோண்வால் பணியாரம், மிளகாயுஞ் சேர்ந்து, ‘பாஸ்தே’ என்ற பெயரில் விற்பனையாகின்றது.

ஆனால், தேடல் மயானத்தோடு முடிந்துவிடலாகாது. கத்தோலிக்கப் பெண்களை மணந்தோரின் பிள்ளைகளைத் திருமுழுக்குப் பதிவேடுகளிலே தேட வேண்டும். அங்கே வில்லியம் ‘கியெர்மோ’ ஆகின்றார். ஜோன் ‘ஹுவான்’ ஆகின்றார். ஸ்பானிய வழக்கின்படி பிள்ளை தந்தையின் குலப்பெயரோடு தாயின் குலப்பெயரையுந் தாங்குகின்றது. ஆகவே, கோண்வால் பாட்டனைத் தேடிவந்தவருக்கு மெக்சிக்கோப் பாட்டியும் அகப்படுகின்றாள். 1766 இல் வேலையை நிறுத்தியவர்களுள் அவளுடைய மூதாதையர் இருந்திருக்கவுங் கூடும்.

கல்வெட்டில் இடம்பெறாதோரும் குடும்பத்தவரே. அவர்களையுஞ் சேர்த்து எழுதும்போதுதான் குடும்ப வரலாறு நிறைவு பெறுகின்றது.