தோழியர் இருவரும் ஒரு பள்ளிக் கதவும்

நட்பின் பெருமையைப் பேசும் நூல்கள் பல. உற்ற தோழமைக்குள் எழும் பிணக்கைப் பொறுமையோடு ஆராயும் நூல்களோ சிலவே. எலேனா ஃபெர்ராந்தே என்ற புனைபெயரில் எழுதும் இத்தாலிய எழுத்தாளர் 2011 முதல் 2014 வரை வெளியிட்ட நான்கு நாவல்கள் அச்சிலவற்றுள் அடங்கும். அவற்றை இத்தாலிய வரலாற்றோடு இணைத்துப் படிக்கும்போது புதியதோர் உண்மை புலனாகிறது.

நேப்பிள்ஸ் நகரின் ஏழைக் குடியிருப்பொன்றில், 1944இல் பிறந்த சிறுமியர் இருவர். எலேனா நகர மன்றக் கடைநிலை ஊழியரின் மகள். லீலா செருப்புத் தைப்பவரின் மகள். அறிவில் லீலாவே மிக்கவள். ஆயினும், ஐந்தாம் வகுப்போடு அவள் பள்ளிப்படிப்பு முடிந்தது. மேற்படிப்புக்குச் செலவிடத் தந்தை மறுத்தார்; எலேனாவின் பெற்றோர் தயங்கியேனும் இசைந்தனர்.

எட்டாண்டுக் கல்வி கட்டாயம், இலவசம் என 1948ஆம் ஆண்டின் இத்தாலிய அரசமைப்புச் சட்டம் உறுதியளித்திருந்தது. ஆனால், நுழைவுத் தேர்வின்றி அனைவருக்கும் பொதுவான நடுநிலைப் பள்ளியை அமைத்த சட்டம் 1962 டிசம்பரில்தான் நிறைவேறியது. வாக்குறுதிக்கும் நிறைவேற்றத்திற்கும் இடைப்பட்ட பதினான்கு ஆண்டுகளில் லீலாவின் பள்ளிப் பருவம் கழிந்துவிட்டது.

இனி வரும் பிணக்குகளுக்கெல்லாம் வேர் இங்கேதான் இருக்கிறது. எலேனா பீசா நகரில் உயர்கல்வி பெற்று எழுத்தாளராகிறாள்; லீலா இறைச்சித் தொழிற்சாலையில் உழைக்கிறாள். தன் முதல் நாவலின் வித்து, லீலா பத்து வயதில் எழுதிய சிறுகதையில் இருந்ததை எலேனா பின்னரே உணர்கிறாள். லீலா நம்பி ஒப்படைத்த குறிப்பேடுகளை 1966இல் ஆர்னோ ஆற்றில் எறிந்தவளும் அவளே. முதுமையில், தன்னைப் பற்றி எழுதலாகாது என்ற லீலாவின் வேண்டுகோளை மீறி அவள் நூலொன்று எழுதவே, லீலா உறவை முறித்துக்கொள்கிறாள்.

இதைப் பொறாமை என்றோ நன்றியின்மை என்றோ எளிதில் தீர்ப்பிட்டுவிடலாம். ஆனால், ஒருத்திக்குத் திறந்த கதவு மற்றவளுக்கு மூடப்பட்டதற்கு இருவருமே காரணரல்லர். தாங்கள் இழைக்காத அநீதியின் சுமையை ஒருவர்மேல் ஒருவர் ஏற்றியதே அவர்களது துயரம். நம்மிடையே நெடுநாள் பேச்சற்றுப்போன நண்பர்கள் உளர். அவர்தம் குறைகளை எண்ணுமுன், நமக்குக் கிட்டி அவர்களுக்குக் கிட்டாதுபோன வாய்ப்பு எது என்று கேட்டுப் பார்ப்பது நலம்.