புகையும் ஏணையும் – ஒரு வரலாற்று நோக்கு

மட்டக்களப்பு நகரிலிருந்து வடமேற்கே, வந்தாறுமூலையைக் கடந்து செல்லும் நெடுஞ்சாலையில் அமைந்தது சித்தாண்டி. சித்திரவேலாயுத சுவாமி கோயிலாற் புகழ்பெற்ற இவ்வூரின் வாழ்வு நெடுங்காலமாக நெற்செய்கையோடு பிணைந்தது. இப்பிரதேசத்தில் விருந்தினருக்கு முதலில் நீட்டப்படுவது வெற்றிலை வட்டா. அதில் வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்போடு புகையிலைக்கும் இடமுண்டு. வட்டாவை மறுப்பது அன்பை மறுப்பதாகக் கொள்ளப்படும் சூழலிற் புகையிலை தீயதென எண்ணப்படாமை வியப்பன்று. ஆயினும் இத்துணை உரிமையோடு வீட்டினுட் புகுந்த அவ்விலை, வந்தேறிய ஒன்றென்பதே வரலாறு கூறும் உண்மையாகும்.

சங்க இலக்கியம் புகையிலையை அறியாது. அமெரிக்காவுக்குரிய அப்பயிரை 1492 இல் கொலம்பசு மேற்கொண்ட பயணத்தின் பின்னரே ஏனைய கண்டங்கள் அறிந்தன. தென்னாசியாவிற் போர்த்துக்கேயர் வழியாகப் பரவிய புகையிலை, ஒல்லாந்தர் காலத்தில் யாழ்ப்பாணத்தின் முதன்மையான வணிகப் பயிராகித் திருவிதாங்கூருக்குப் பெருமளவில் ஏற்றுமதியாயிற்று. சீனிச்சர்க்கரைப் புலவர் ‘புகையிலைவிடு தூது’ பாடுமளவிற்கு அது தமிழர் வாழ்விற் கலந்தது. அயலிலிருந்து வந்தது சில தலைமுறைகளில் மரபாகிவிட்டது.

மரபான பொருளின் வடிவம் காலந்தோறும் மாறியது. சுருட்டும் பீடியும் வழங்கிய இடத்திற் சிகரற்றும் வந்து சேர்ந்தது. பனியும் நுளம்பும் வருத்தும் இரவிலே வயற்காவலிருப்பவன் பரணிற் புகைத்தால், அப்புகை காற்றோடு போய்விடும். அதே மனிதன் வீடு திரும்பி, குழந்தை உறங்கும் ஏணையருகே புகைக்கும்போது நிலைமை வேறாகின்றது. கூரையின் கீழ்ச் சூழும் புகையைக் குழந்தையும் உட்கொள்கின்றது. விலகிச் செல்லும் ஆற்றலோ, மறுத்துரைக்கும் மொழியோ அதற்கில்லை.

இவ்வுண்மையை அறிவியல் படிப்படியாகவே உணர்ந்தது. 1950 இல் பிரித்தானியாவில் டோல், ஹில் ஆகியோர் புகைத்தலுக்கும் நுரையீரற் புற்றுநோய்க்குமுள்ள தொடர்பை எடுத்துக்காட்டினர். அங்கு அது புகைப்பவனைப் பற்றிய வினாவாகவே இருந்தது. 1974 இல் இலண்டனைச் சார்ந்த ஹரோவிற் பிறந்த 2,205 குழந்தைகளைப் பற்றிய ஆய்வு வெளியாயிற்று. பெற்றோர் இருவரும் புகைக்கும் வீடுகளில், வாழ்வின் முதலாம் ஆண்டிலே நியுமோனியாவும் மார்புச்சளி நோயும் மிகுதியாகவும், இருவரும் புகைக்காத வீடுகளிற் குறைவாகவும் காணப்பட்டன. 1981 இல் யப்பானிய அறிஞர் ஹிரயாமா, புகைக்காத மனைவியர் 91,540 பேரை ஆராய்ந்து, கணவரின் புகை அவர்தம் நுரையீரற் புற்றுநோய் அபாயத்தைக் கூட்டுவதை வெளிப்படுத்தினார். புகைத்தல் தனிமனித விருப்பம் என்னும் வாதம் இங்கே வலுவிழந்தது.

சட்டமும் இவ்வறிவைப் பின்தொடர்ந்தது. புகையிலைக் கட்டுப்பாடு பற்றிய உலக சுகாதார நிறுவனத்தின் உடன்படிக்கையை இலங்கை 2003 இல் ஏற்றது. 2006 ஆம் ஆண்டின் 27 ஆம் இலக்கச் சட்டம், மூடிய பொது இடங்களிற் புகைத்தலையும், 21 வயதிற்குட்பட்டோர்க்கு விற்பதையும் தடைசெய்தது. 2016 ஆம் ஆண்டின் ஒழுங்குவிதிகள் புகையற்ற புகையிலைக் கலவைகளையும், புகையிலை அடங்கிய மின்சிகரற்றுகளையும் விலக்கின. அம்மின்கருவிகளின் ஆவி வெறும் நீராவியன்று. அதில் நிக்கொற்றினும் நுண்துகள்களும் உண்டு. அவற்றில் நிரப்பும் நிக்கொற்றின் திரவத்தைக் குழந்தை விழுங்கினால் உயிராபத்தும் நேரலாம்.

எனினும் சட்டத்தின் கை வீட்டு வாசற்படியோடு நின்றுவிடுகின்றது. பேருந்திற் கிடைக்கும் பாதுகாப்பு ஏணையிற் கிடக்கும் மகவுக்கு இல்லை. இலங்கையிற் பெண்கள் புகைப்பது மிக அரிதாதலின், இவ்விடயத்திற் பொறுப்பின் பெரும்பகுதி தந்தையரையே சாரும். முற்றத்திற்குச் சென்று புகைப்பதும் முழுத் தீர்வாகாது. உடையிலும் கையிலும் படிந்த எச்சம் குழந்தையை அணைக்கும்போது உடன்வரும்.

புகையிலையின்றியும் விருந்தோம்பல் வாழ்ந்த காலம் தமிழர்க்கு உண்டு. இடையில் வந்ததை நீக்குவதால் மரபு குன்றாது. வட்டா இருக்கட்டும், அதிலிருந்து ஓர் இலை மட்டும் குறையட்டும். ஏணையிலிருக்கும் தலைமுறைக்கு இன்றைய தந்தையர் வழங்கத்தக்க சீதனம் தூய மூச்சேயாகும்.