சாதன இயக்கிகளில் தரவு மாற்றும் முறைகள்

வட்டு, வலையட்டை, தொடர் துறை முதலிய சாதனங்களுக்கும் கணிப்பொறியின் நினைவகத்துக்கும் இடையே தரவைக் கொண்டுசெல்லும் காரியம் சாதன இயக்கி எனப்படும் மென்பொருளைச் சார்ந்தது. அதனை எழுதப் புகுவோர் இரு பிரச்சினைகளைத் தனித்தனியே நிர்ணயித்துக்கொள்ள வேண்டும். சாதனம் ஆயத்தமாகிவிட்டது என்பதை இயக்கி எவ்வாறு அறிவது என்பது ஒன்று. தரவைச் சுமந்து செல்வது செயலகமா, வேறொரு சுற்றா என்பது மற்றொன்று.

அறியும் வழிகள்: சாதனத்தின் நிலைப் பதிவேட்டைச் செயலகமே திரும்பத் திரும்பப் படித்துப் பார்ப்பது போலிங் எனப்படும்; சாதனம் தானே சமிக்ஞை கொடுத்துச் செயலகத்தின் கவனத்தை ஈர்ப்பது குறுக்கீடு எனப்படும். ஒவ்வொரு குறுக்கீட்டின்போதும் நடந்துகொண்டிருக்கும் வேலையின் ஸ்திதியைச் சேமித்து வைத்துப் பின்னர் மீட்க வேண்டியிருப்பதால், காத்திருக்கும் நேரம் சில மைக்ரோ வினாடிகளே ஆகுமிடத்தில் போலிங்கும், சாதனம் எப்போது பேசும் என்று சொல்ல இயலாதவிடத்தில் குறுக்கீடும் பொருத்தமாகின்றன. வினாடிக்கு 1,15,200 பிட் வேகத்தில் இயங்கும் தொடர் துறையில், பைட்டுக்குப் பத்துப் பிட் வீதம், ஏறத்தாழ 87 மைக்ரோ வினாடிக்கு ஒரு பைட் வந்து சேரும். ஒரே பைட்டைத் தாங்கிவைக்கும் 8250 சில்லு ஒவ்வொரு பைட்டுக்கும் குறுக்கிட்டது. 16 பைட் வரிசை கொண்ட 16550ஏ சில்லோ, 14 பைட் சேர்ந்த பின்னரே குறுக்கிடுமாறு அமைக்க இடமளித்து, வினாடிக்கு 11,520 ஆக இருந்த குறுக்கீடுகளை ஏறத்தாழ 820 ஆகக் குறைத்தது.

சுமக்கும் வழிகள்: செயலகமே ஒவ்வொரு சொல்லாகப் படித்து எழுதுவது நிரல்வழி மாற்றம்; செயலகத்தின் தலையீடின்றி வேறொரு சுற்று நினைவகத்தை அணுகுவது டி.எம்.ஏ. என வழங்கும் நேரடி நினைவக அணுகல். பின்னது எக்காலத்தும் சிரேஷ்டமானது என்ற எண்ணத்தைச் சரித்திரம் ஆதரிக்கவில்லை. 1981இல் வெளிவந்த ஐ.பி.எம். பி.சி. தன் நெகிழ் வட்டுக்கு இன்டெல் 8237 சில்லின் டி.எம்.ஏ. வழியைக் கையாண்டது. ஆனால் 1984இல் வந்த பி.சி./ஏ.டி.யில் அச்சில்லு தாழ்ந்த வேகத்திலேயே இயங்கியமையாலும், 80286 செயலகத்தின் தொடர் உள்ளீட்டுக் கட்டளை அதனினும் விரைவாக இருந்தமையாலும், வன்வட்டின் 512 பைட் துண்டு ஆயத்தமானதைக் குறுக்கீடு அறிவிக்க, செயலகமே அதனைப் படித்துக்கொண்டது.

வலையட்டையின் உதாரணம்: இதற்கு நேர்மாறான சேர்க்கையை வேகமிக்க வலையட்டைகளில் காண்கிறோம். கிகாபிட் ஈதர்நெட்டில் மிகச் சிறிய பொட்டலங்கள் வினாடிக்கு 14.88 லட்சம் வரை வரக்கூடும். அவ்வளவுக்கும் குறுக்கீடு நேர்ந்தால், செயலகம் குறுக்கீட்டுக்கு விடையளிப்பதிலேயே மூழ்கி, வந்த பொட்டலங்களை உரிய நிரலிடம் சேர்க்க இயலாமற் போகும் என்பதை மோகல், ராமகிருஷ்ணன் ஆகியோர் 1996இல் ஓர் ஆராய்ச்சிக் கட்டுரையில் விளக்கினர். லினக்ஸின் நாப்பி முறை முதற் குறுக்கீட்டை ஏற்றவுடன் மற்றவற்றை அடக்கிவிட்டு, வரிசை காலியாகும் வரை போலிங் செய்து, பின்பே குறுக்கீட்டை மீண்டும் அனுமதிக்கிறது. பொட்டலங்களை நினைவகத்தில் இடும் வேலை மட்டும் டி.எம்.ஏ.யிடமே இருக்கிறது.

டி.எம்.ஏ.யின் கடப்பாடுகள்: இம்முறையைத் தேர்ந்தவர் சில கடமைகளையும் ஏற்கிறார். 8237 சில்லு 64 கிலோபைட் எல்லையைக் கடந்து எழுதாது, ஐ.எஸ்.ஏ. பாட்டையில் அதன் முகவரி 16 மெகாபைட்டுக்கு மேல் செல்லாது. அவ்வெல்லைக்கு அப்பாலுள்ள தரவை இடைநிலை நினைவகம் ஒன்றில் பிரதி எடுத்தே மாற்ற வேண்டும். ஆர்ம் செயலகங்கள் பலவற்றில் கேஷ் நினைவகமும் முதன்மை நினைவகமும் தாமாகவே ஒத்திருப்பதில்லையாதலால், சாதனம் படிக்குமுன் கேஷிலுள்ளதை நினைவகத்தில் எழுதுவதும், சாதனம் எழுதியதைச் செயலகம் படிக்குமுன் கேஷின் பழைய பிரதியை நீக்குவதும் இன்றியமையாதவை. இதனை மறந்த இயக்கி சோதனையில் செவ்வனே இயங்கி, நெருக்கடியான சமயத்தில் தரவைக் கெடுக்கும்.

தேர்வு: சில பைட்டுகளை அனுப்புவதற்கு டி.எம்.ஏ.யின் முன்னேற்பாடுகளே அவற்றைப் பிரதி எடுப்பதினும் அதிக நேரம் கொள்ளும். பல கிலோபைட்டுகள் இடையறாது வரும்போதோ அச்செலவு அற்பமாகிவிடும். ஆகவே ஒரு தடவையில் மாறும் அளவு, வருகையின் வேகம், சாதனத்தின் இடையகம் நிரம்பும் முன் கிடைக்கும் அவகாசம் ஆகிய மூன்றையும் முதலில் கணக்கிட்டு, அறிதலுக்கு ஒரு வழியும் சுமத்தலுக்கு ஒரு வழியுமாக நிர்ணயிப்பதே இயக்கி எழுதுவோர்க்கு உகந்தது.